எட்டுப் பேர் பெரட்டுக்கு வந்தார்கள், ஒருவர்தான் மரம் வெட்டினார்

"நேயர்களே" என்று சொல்லியே பழகிய வாய் இது. இன்று மட்டும் "வாசகர்களே" என்று தொடங்குகிறேன். என் மடிக்கணினியோடு மூன்று நாள் நான் போட்ட மல்லுக்கட்டையும், அதற்குள் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பாட்டி எப்படி நுழைந்தார் என்பதையும் சொல்லப் போகிறேன். புதுக் கணினி வாங்கும் எண்ணத்தில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1980களின் தொடக்கத்தில் சீட்டுப் பணம் எடுத்து ஒரு ரேடியோ கேசட் பெட்டி வாங்கினார். பாட்டுக் கேட்க வாங்கியதாகத்தான் பாட்டி நினைத்தார். தாத்தாவோ அதில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, பள்ளிக்கூட விழாவில் பிள்ளைகள் பேசியது, பொங்கல் நாடகம், லயத்துத் திண்ணையில் பெரியவர்கள் பேசிய பழங்கதை என்று எல்லாமே அதில் இருக்கின்றன. 1960ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்ததை ஒருவர் அரைமணி நேரம் சொல்கிறார். மொத்தம் 32 கேசட்டுகள். 64 பக்கங்கள். ஒரு பக்கம் 45 நிமிடம்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்தது. கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, திருவிழா சனிக்கிழமையில், ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப் போனவர்கள் அங்கே கூடுவார்கள். போன வருடம் வந்தவர்களில் நான்கு பேர் இப்போது உயிரோடு இல்லை. "இந்தத் தடவை தாத்தா புடிச்ச பேச்சையெல்லாம் அங்க போடணும்மா. அடுத்த வருஷத்துக்கு யாரு இருக்கா, யாரு இல்ல" என்றார் பாட்டி. நான் சரி என்றேன்.

கேசட்டுகளைக் கணினிக்குள் ஏற்ற இரண்டு வாரம் ஆனது. கேசட்டை ஓட விட்டுத்தான் ஏற்ற முடியும். அதில் குறுக்கு வழி கிடையாது. அடுத்த வேலை, இரைச்சலை நீக்குவது. நாற்பது வருடம் அலமாரியில் கிடந்த நாடா. புஸ்ஸென்ற சத்தத்துக்கு நடுவே பேச்சு மங்கலாகக் கேட்டது. இரைச்சல் நீக்கும் மென்பொருளில் 64 பக்கங்களையும் வரிசையாகக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை இரவு பதினொன்றரைக்குப் படுக்கப் போனேன்.

காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் 10 பக்கங்கள்தான் முடிந்திருந்தன. ஒரு பக்கத்துக்கு 40 நிமிடம். அந்தக் கணக்கில் 64 பக்கங்களுக்கு 42 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். பகலில் நிலையத்துக்கு அதே கணினியைத்தான் கொண்டுபோகிறேன். வியாழன், வெள்ளி இரவுகள் மட்டுமே மிச்சம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் பாதிகூட முடியாது.

*கடைக்காரரும் அக்கா மகளும்*

வியாழன் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் ஈப்போவில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்: "அக்கா, உங்களோடது 4 கோர். இது 16 கோர். நாலு மடங்கு வேகம்." விலை 6,000 வெள்ளிக்கு மேல். தவணை உண்டு என்றார். சனிக்கிழமையை நினைத்துக்கொண்டு அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்தேவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கம்பாரில் கணினி படிக்கும் என் அக்கா மகள் அழைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "சித்தி, கையெழுத்துப் போடாதீங்க. வேலை ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து படம் எடுத்து அனுப்புங்க. பிறகு வாங்கலாம்" என்றாள்.

நிலையத்துக்குத் திரும்பி, ஒரு பக்கத்தை ஓடவிட்டு, அவள் சொன்னபடி கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் திறந்தது. பெர்பாமன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டேன். மேலே ஓர் எண்: 13 விழுக்காடு.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் தூக்கம் கெட்டு நிற்கிறேன், இது நூற்றுக்குப் பதின்மூன்று வேலைதான் செய்கிறதா?

"சித்தி, 100ஐ 8ஆல் வகுங்க" என்றாள் அக்கா மகள். 12.5. "அதான் விஷயம். உங்க கணினியில வேலை செய்ய 8 இடம் இருக்கு. அந்த மென்பொருள் ஒண்ணே ஒண்ணைத்தான் பயன்படுத்துது. அந்த ஒண்ணு முழு மூச்சா ஓடுது, மத்த ஏழும் சும்மா இருக்கு. நீங்க பாக்குறது சராசரி."

*ஏன் இத்தனை கோர்?*

இங்கே கொஞ்சம் பின்கதை. கணக்குப் போடும் சில்லைத் தமிழில் செயலி என்பார்கள். அப்படி எழுதினால் நீங்கள் கைப்பேசிச் செயலியை நினைத்துக்கொள்வீர்கள்; ஆகவே பிராசசர் என்றே சொல்கிறேன். அதன் ஊர் நமக்குத் தூரமில்லை. 1972ல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்தும் ஆலையைப் பினாங்கு பாயான் லெப்பாஸில்தான் திறந்தது.

நெடுங்காலம் ஒரு கணினிக்கு ஒரு பிராசசர், அதில் ஒரே ஒரு கோர். ஆண்டுக்கு ஆண்டு அந்த ஒன்றையே வேகமாக ஓட வைத்தார்கள். பழைய மென்பொருள்கூடப் புதுக் கணினியில் தானாக வேகம் பிடித்தது. 2004 வாக்கில் அந்தப் பாதை அடைபட்டது. இன்னும் வேகமாக ஓட்டினால் சில்லு தாங்க முடியாத சூடு. ஆகவே ஒரே ஆளை விரட்டுவதை விட்டுவிட்டு ஆட்களைக் கூட்டினார்கள். ஐபிஎம் 2001லேயே தன் பவர்4 சில்லில் இரண்டு கோர் வைத்தது. 2005ல் இன்டெலும் ஏஎம்டியும் சாதாரண மேசைக் கணினிக்கு இரட்டைக் கோரைக் கொண்டுவந்தன. இன்று பிள்ளைகளின் பள்ளி மடிக்கணினியில்கூட நான்கு கோர் சாதாரணம்.

ஆட்களைக் கூட்டியதோடு ஒரு பொறுப்பும் மென்பொருள் எழுதுகிறவர் தலையில் விழுந்தது. வேலையைப் பல இழைகளாகப் பிரித்து எழுதினால்தான் பல கோர்களும் இயங்கும். கணினித் துறையில் த்ரெட் என்பது இந்த இழைதான். ஒரே இழையாக எழுதிய மென்பொருளை 16 கோர் கணினியில் போட்டாலும் 15 கோர் வேடிக்கைதான் பார்க்கும்.

*பாட்டி கேட்ட கேள்வி*

அன்று மாலை பாட்டிக்குப் போன் போட்டேன். "பாட்டி, எல்லாக் கேசட்டும் முடியாது போலிருக்கு" என்று ஆரம்பித்து, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். எட்டுப் பேர் பெரட்டுக்கு வந்திருக்கிறார்கள், ஒருவர்தான் மரம் வெட்டுகிறார் என்று. பாட்டி சிரிக்கவில்லை.

"ஏம்மா, அது ஆளோட குத்தமா, நிரை பிரிச்சுக் குடுத்தவன் குத்தமா? ஒரே நிரையில எட்டுப் பேரை விட்டா ஏழு பேரு நிழல்லதான் நிப்பான். எட்டு நிரை குடுத்துப் பாரு."

பெரட்டு, நிரை என்ற சொற்களைத் தோட்டத்தில் பிறக்காத இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் வேலையாட்கள் கூடி நிற்க, கிராணி பேர் வாசிப்பது பெரட்டு. அங்கிருந்து ஒவ்வொருவரும் தனக்குரிய மர வரிசைக்குப் போவார்கள்; அதுதான் நிரை. ஒருவர் தன் நிரையை வெட்டும்போது பக்கத்து நிரைக்காரருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவரவர் உளி, அவரவர் மரம்.

என் கேசட்டுகளும் அப்படித்தானே? 12ஆம் பக்கத்தின் இரைச்சலை நீக்க 11ஆம் பக்கம் முடிய வேண்டிய அவசியமே இல்லை. மென்பொருளுக்குள் வேலையைப் பிரிக்க என்னால் முடியாது. ஆனால் மென்பொருளையே பல தடவை திறந்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் கொடுக்கலாம். இத்தனைக்கும் அதை நான் யோசிக்கவில்லை. அக்கா மகள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். வழியைச் சொன்னது பாட்டி.

*எட்டு வைத்தேன், மாட்டிக்கொண்டேன்*

வியாழன் இரவு 11 மணி. ஆசையோடு அதே மென்பொருளை எட்டு முறை திறந்தேன். சிபியு 100 விழுக்காட்டைத் தொட்டது, மனம் குளிர்ந்தது. 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் எட்டில் ஒன்றும் 2 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இப்போது சிபியு எண்ணும் இறங்கிக் கிடந்தது. அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற இடத்தைப் பார்த்தேன். என் கணினியின் 8 ஜிபி நினைவகமும் நிரம்பி வழிந்தது. இடம் போதாமல், கணினி எல்லாவற்றையும் வட்டில் எடுத்து வைப்பதும் திரும்பக் கொண்டுவருவதுமாகத் திணறிக்கொண்டிருந்தது. ஆள் எட்டு, வாளி நாலு என்றால் என்ன நடக்கும்?

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். கோர்கள் 4, லாஜிக்கல் பிராசசர்கள் 8 என்று தனித்தனியாக எழுதியிருந்தது. உண்மையான கோர் நான்குதான். ஒவ்வொரு கோரும் இரண்டு இழைகளை மாற்றி மாற்றி எடுத்துச் செய்வதால் எட்டாகத் தெரிகிறது. ஓர் இழை காத்திருக்கும் நேரத்தில் மற்றதைச் செய்வதால் கொஞ்சம் லாபம் உண்டு. இரட்டிப்பு வேகம் வராது.

நான்கை மூடினேன். மற்ற நான்கு சீராக ஓடின. இப்போது ஒரு பக்கத்துக்கு 40க்குப் பதில் 45 நிமிடம் ஆனது, ஆனால் ஒரே நேரத்தில் நான்கு பக்கங்கள். பதினொன்றரையிலிருந்து காலை ஆறே காலுக்குள் 36 பக்கங்கள் முடிந்தன. முந்தின இரவு 10 பக்கங்கள் முடித்த அதே கணினிதான். ஒரு வெள்ளி செலவில்லை.

*வரிசையும் தராசும்*

அப்படியானால் ஆள் கூடக் கூட வேகம் கூடிக்கொண்டே போகுமா? தோட்டத்தை வைத்தே கணக்குப் போடுவோம். ஒருவர் தனியாக வெட்டினால் 8 மணி நேரம் ஆகும் மரங்கள். வெட்டிய பாலை ஸ்டோரில் நிறுக்க 1 மணி நேரம். மொத்தம் 9 மணி. எட்டுப் பேரை விட்டால் வெட்டு 1 மணியில் முடிந்துவிடும். ஸ்டோரிலோ ஒரே தராசு, ஒரே கிராணி. அதே பாலை நிறுக்க அதே 1 மணி நேரம். மொத்தம் 2 மணி. எட்டு மடங்கு ஆள் போட்டும் வேகம் நாலரை மடங்குதான். நூறு பேரை இறக்கினாலும் தராசுக்கு ஒரு மணி நேரம் போயே தீரும். ஒன்பது மடங்கை எட்டவே முடியாது.

இதே கணக்கை 1967ல் கணினி உலகில் எடுத்துச் சொன்னவர் ஜீன் அம்டால். இன்றும் அவர் பெயரால் அம்டால் விதி என்கிறார்கள். பிரிக்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாக வேண்டிய பகுதிதான் மொத்த வேகத்துக்கும் எல்லை கட்டுகிறது.

பெரிய கணினிகளுக்கும் இதே பாடுதான். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004ல் கப்ரு என்ற கணினித் தொகுப்பை அமைத்தார்கள். இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அது. 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிராசசர்கள், ஆக 288. உலகின் 500 வேகமான கணினிகளின் பட்டியலில் அந்த ஆண்டு இடம்பிடித்தது. அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றிய கணக்குகளுக்காக, வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி ஆளுக்கு ஒரு பகுதி கொடுப்பார்கள். ஆனால் ஒரு பகுதியின் ஓரத்தில் வந்த விடை பக்கத்துப் பகுதிக்காரருக்கும் தேவை. அதனால் 144 கணினிகளும் ஓயாமல் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். அங்கே கணினிகளை இணைக்கும் வலைப்பின்னலும் பிராசசர் அளவுக்கு முக்கியம்.

என் கேசட்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்றுக்கொன்று பேசத் தேவையில்லாத வேலை. எல்லா வேலையும் இப்படி அமைவதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

*உங்கள் வீட்டில் பார்க்க*

கணினி மந்தம் என்று தோன்றும்போது, மந்தமான அந்த வேலையை ஓடவிட்டுக்கொண்டே இவற்றைப் பாருங்கள்.

விண்டோஸ் கணினியில், டாஸ்க் மேனேஜரின் சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, வரைபடத்தை லாஜிக்கல் பிராசசர்களாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு படம் எட்டாகவோ பன்னிரண்டாகவோ பிரியும். எல்லாம் உச்சியில் இருந்தால் மென்பொருள் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது. ஒன்று மட்டும் உச்சியில் இருந்தால் ஒற்றை இழை.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. விண்டோஸ் அந்த ஒற்றை இழையை ஒரே கோரில் விட்டுவைக்காமல் அங்கும் இங்கும் மாற்றும். அப்போது எட்டுப் படமும் கொஞ்சம் கொஞ்சம் ஏறி, எல்லோரும் உழைப்பது போலத் தெரியும். ஒரே ஆள் எட்டு நிரையிலும் மாறி மாறித் தலைகாட்டுவது போல. சந்தேகம் வந்தால் மொத்த எண்ணைப் பாருங்கள். 100ஐ லாஜிக்கல் பிராசசர் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண்ணை ஒட்டியே அது நின்றால், ஒருவர்தான் வேலை செய்கிறார்.

உறுதியாகத் தெரிய வேண்டுமா? டாஸ்க் மேனேஜரின் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் அந்த மென்பொருளின் பெயரில் வலது கிளிக் செய்தால் அஃபினிட்டி என்ற ஏற்பாடு வரும். அதில் ஒரே ஒரு பிராசசரை மட்டும் விட்டு மற்றவற்றின் குறியை எடுத்துவிடுங்கள். வேலை அதே வேகத்தில் நடந்தால், அது முன்பும் ஒன்றைத்தான் பயன்படுத்தியது. வேகம் சட்டென விழுந்தால், அதுவரை பல கோர்களும் உழைத்திருக்கின்றன. மென்பொருளை மூடித் திறந்தால் இந்தக் கட்டுப்பாடு தானாகப் போய்விடும்.

மேக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டர், லினக்சில் டாப் என்ற கட்டளை. டாப் ஓடும்போது 1 என்ற விசையை அழுத்தினால் பிராசசர்கள் தனித்தனியாகத் தெரியும். இந்த இரண்டிலும் மென்பொருளுக்கு நேராக வரும் எண்ணின் பொருள் வேறு. அங்கே 100 என்றால் ஒரு முழுக் கோர். 400 என்றால் நான்கு கோர் அளவு வேலை. விண்டோஸில் 100 என்றால் மொத்தக் கணினியும். இது தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிபியு எண் தாழ்வாக, மெமரி அல்லது டிஸ்க் எண் உச்சியில் இருந்தால், கோர் எத்தனை என்பது பிரச்சினையே இல்லை. நினைவகத்தைக் கூட்டினாலோ பழைய வட்டை மாற்றினாலோ போதுமானதாக இருக்கலாம்.

கடையில் கோர் எண்ணிக்கையைச் சொல்லும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். 2021ல் வந்த 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் பிராசசர்கள் பலவற்றில் இரண்டு வகைக் கோர் உண்டு: கடும் வேலைக்குச் சில, மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சில. ஆக, பெட்டியில் போட்டிருக்கும் 16ம் ஒரே பலம் கொண்டவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அத்தனை கோர் தேவையா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். காணொளி தொகுக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பல கோர்களையும் எடுத்துக்கொள்ளும். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு 16 கோர், தனியாளுக்கு லாரி வாங்கியது போல.

*சனிக்கிழமை*

வெள்ளி இரவு மிச்சம் 18 பக்கங்களும் முடிந்தன. பின்னிரவில் மூன்று மணிக்கு உட்கார்ந்து கேட்கத் தொடங்கியவள், விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை மாலை, கோயில் பந்தலில் ஒலிபெருக்கி. முதலில் பள்ளிக்கூட விழா. எட்டு வயதுப் பையன் ஒருவன் மூச்சு வாங்காமல் ஒப்பித்தான். பின்வரிசையில் வழுக்கைத் தலை மனிதர் ஒருவர், "டேய், அது நான்டா!" என்று எழுந்துவிட்டார். பிறகு பெரியவர்களின் பேச்சு. யார் குரல் என்று கூட்டமே சொல்லச் சொல்ல, அக்கா மகள் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தாள். நான் மட்டும் கேட்டிருந்தால் அதில் பாதிப் பேரைக்கூட அடையாளம் கண்டிருக்க முடியாது. அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்த நாள் அது. மறு வருடம் என்று தள்ளியிருந்தால் சில குரல்களுக்குப் பெயரே இல்லாமல் போயிருக்கும்.

கடைசியாகத் தாத்தாவின் குரல். "ஒண்ணு, ரெண்டு, மூணு... கேக்குதா?" என்று மைக்கைச் சோதிக்கிறார். பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண், "கேக்குது, கேக்குது, சோறு ஆறிப்போகுது, வாங்க" என்கிறாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

வரும்போது காரில் கேட்டார்: "எட்டு நிரை குடுத்தியா?"

"நாலுதான் பாட்டி. வாளி பத்தல."

"அதையும் பாத்துத்தான் ஆளை அனுப்பணும்" என்றார்.